அசெம்பிள்டு சிஸ்டமா, கம்பெனி சிஸ்டமா? கடையில் தினமும் நம்பி உட்கார எது?

கேள்வி, 7 ஜூன் 2025

அண்ணே, பட்டுக்கோட்டை பக்கம் ஆன்லைன் சென்டர் போடப் போறேன். கவுண்டருக்கு ரெண்டு சிஸ்டம், டி.டி.பி., ஃப்ளெக்ஸ் டிசைனுக்கு ஒண்ணு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல பார்ட்ஸ் வாங்கி நானே கோர்த்துடலாம்னு நினைக்கிறேன். அப்பா, "கம்பெனி சிஸ்டமே வாங்கு, அதுதான் மக்கர் பண்ணாது"ங்கிறார். எனக்கு வேகம் பெரிசில்லை. காலையில பட்டனைத் தட்டினா ஓடணும், ராத்திரி ஷட்டர் இறக்குற வரைக்கும் ஓடணும். அப்பா சொல்றது சரியா?

8 ஜூன் 2025

அப்பா சொல்வதைத் தள்ளிவிடாதே தம்பி. அவருக்கு ஆதாரம் இருக்கிறது.

மைக்ரோசாஃப்டில் இருந்த எட்மண்ட் நைட்டிங்கேல், ஜான் டவுசர், வின்ஸ் ஓர்கோவன் மூவரும் 2011-ல் யூரோசிஸ் என்ற கணினி ஆய்வு மாநாட்டில் ஒரு ஆய்வு வைத்தார்கள். சாதாரண மக்கள் பயன்படுத்தும் சுமார் 10 லட்சம் கம்ப்யூட்டர்கள் நின்றுபோனபோது விண்டோஸ் அனுப்பிய அறிக்கைகளைத் திரட்டிப் பார்த்தார்கள். உலகில் அதிகம் விற்கும் 20 கம்பெனிகளின் சிஸ்டங்கள் ஒரு பக்கம், பெயரில்லாத அசெம்பிள்டு மறுபக்கம். கணக்குப் போடும் சிப்பான பிராசசர், தற்காலிக நினைவகமான ரேம் இரண்டின் கோளாறிலும் அசெம்பிள்டுதான் அதிகம் மாட்டியது.

அதே ஆய்வில் இன்னொன்று இருக்கிறது, கடைக்காரனுக்கு அதுதான் முக்கியம். ஹார்டுவேர் கோளாறால் ஒருமுறை நின்ற சிஸ்டம் மறுபடி நிற்கும் வாய்ப்பு நூறு மடங்கு வரை ஏறிவிடுகிறது. நீலத் திரை வந்தால் "ரீஸ்டார்ட் பண்ணினா சரியாயிடும்" என்று எல்லோரும் சொல்வோம். சரியாகத்தான் போகும், அன்றைக்கு. ஆனால் முதல் தடவையிலேயே ரேமைச் சோதித்துவிட வேண்டும். அடுத்தது வரப்போகிறது, அதுவும் யாரோ விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கும்போது வரும்.

8 ஜூன், இரவு

மேலே சொன்னதை வைத்துக் கம்பெனி பெட்டிக்குள் விசேஷமான சரக்கு இருப்பதாக நினைக்க வேண்டாம். பிராசசர், ரேம், ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி. எல்லாம் நீ கடையில் வாங்கும் அதே ஆட்கள் செய்பவைதான். பின் ஏன் வித்தியாசம்?

ஆய்வின் அந்த ஒப்பீட்டில் முடுக்கிய சிஸ்டங்களைச் சேர்க்கவில்லை, ஆனால் கடைகளில் நான் பார்க்கும் ஒரு காரணம் வேகத்தை முடுக்குவது. அந்த ஆய்வே சொல்கிறது, பிராசசரைக் குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் கொஞ்சம் முடுக்கினாலும் கோளாறு கூடுகிறது, குறைத்து ஓட்டினால் குறைகிறது. கம்பெனிக்காரன் எதையும் முடுக்குவதில்லை. ஒரு சர்வீஸ் கால் வந்தால் அவன் லாபம் போய்விடும். அசெம்பிள் செய்பவரோ பயாஸுக்குள் (சிஸ்டம் எழும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) போனதும் முதல் வேலையாக எக்ஸ்.எம்.பி.யை, அதாவது ரேமை முடுக்கி ஓட்டும் அமைப்பை, ஆன் செய்கிறார். ரேம் பெட்டியில் 3200 என்று போட்டிருக்கிறதே, அது ஓடட்டும் என்று. ரேமுக்கு அது விளம்பர வேகம். பிராசசருக்கும் மதர்போர்டுக்கும் அது பொருந்துமா என்பது வேறு விஷயம். கவுண்டரில் சாதிச் சான்றிதழுக்கு மனு போடும் சிஸ்டத்துக்கு எக்ஸ்.எம்.பி. எதற்கு? ஆஃப் செய்.

இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை கதையும் இதை ஒட்டியதுதான். ஐ9-13900கே, 14900கே போன்றவை மாதக்கணக்கில் ஓடிய பிறகு தானாகத் தடுமாற ஆரம்பித்தன. 2024-ல் இன்டெல்லே ஒப்புக்கொண்டது. பிராசசர் தேவைக்கு அதிகமாக வோல்டேஜ் கேட்டு, தன்னையே தேய்த்துக்கொண்டிருந்தது. அந்த ஆகஸ்டில் திருத்தம் வந்தது, பிராசசரைப் பெட்டியோடு தனியாக வாங்கியவர்களுக்கு வாரண்டியை 3-லிருந்து 5 ஆண்டு ஆக்கினார்கள். சில்லறையில் விற்கும் போர்டுகள் பல, பவர் வரம்பையும் தாமே தளர்த்திவைத்து வந்ததால் முதலில் சந்தேகம் போர்டுகள் மேல்தான் விழுந்தது. வேர் பிராசசரில்தான் இருந்தது. இந்தத் தலைமுறையில் ஐ7, ஐ9 வாங்கினால், கோர்த்த அன்றே பயாஸ் அப்டேட் செய்துவிட்டுத்தான் விண்டோஸ் போட வேண்டும்.

11 ஜூன் 2025

இனி கரண்ட். இதைச் சொல்லாமல் அசெம்பிள்டு, பிராண்டடு என்று பேசுவதில் அர்த்தமே இல்லை. அமெரிக்கக்காரர்கள் எழுதும் ஒப்பீடுகளில் இது வராது, அவர்கள் சுவரில் வருகிற கரண்டை நம்பி எழுதுகிறார்கள். நம் கடலோரத்தில் அப்படி எழுத முடியாது.

நாகப்பட்டினத்தில் என் கடையில் ஒரு சிஸ்டம் அடிக்கடி ஹேங் ஆனது. அசெம்பிள்டு. சர்வீஸ் பையன் ரேமை மாற்றினான், ஓடியது, திரும்ப நின்றது. சுவர் கரண்டை சிஸ்டத்துக்கு ஏற்றபடி மாற்றித் தரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றினான், அதே கதை. போர்டை மாற்றலாம் என்றான். அதற்குள் பக்கத்து மேஜையில் இருந்த கம்பெனி சிஸ்டமும் அதேபோல் உறைந்தது. வயரிங் பார்க்கும் பெரியவர் ஒருவர் வந்து மல்டிமீட்டரை பிளக் பாயின்ட்டில் வைத்தார். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் 2, 3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது எங்கேயோ நின்றது. பின்கட்டில் எர்த் குழி மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. தோண்டி, கரியும் உப்பும் போட்டு, தண்ணீர் ஊற்றி, கம்பியைப் புதிதாக முறுக்கிக் கட்டினார். அதன் பிறகு இரண்டு சிஸ்டமும் ஒழுங்காக ஓடின. கோடையில் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவது இப்போது கடையில் வழக்கமாகிவிட்டது.

கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இருக்கிறதா? அது எர்த் இல்லை என்பதற்கு அடையாளம். எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பாடிக்கு இரண்டு சின்ன கெப்பாசிட்டர் (மின்னைச் சேர்த்துவைக்கும் பாகம்) இருக்கும், மின் இரைச்சலை எர்த்தில் வடிக்க. எர்த் இல்லாவிட்டால் பாடி நடுவில் தொங்கும், 230-ல் பாதி, சுமார் 115 வோல்ட். கரண்ட் ரொம்பக் குறைவு, வழக்கமாக ஆளை ஒன்றும் செய்யாது. ஆனால் அந்த நிலையில் பிரின்டர் யு.எஸ்.பி. கேபிளைச் செருகினால் யு.எஸ்.பி. போர்ட் போகும், சமயத்தில் மதர்போர்டே போகும். "பிரின்டரை மாட்டினேன், சிஸ்டம் செத்துப்போச்சு" என்று வருபவர்கள் பலருடைய கதை இதுதான். பெட்டியில் எந்தக் கம்பெனி பெயர் இருந்தாலும் இது நடக்கும்.

நியூட்ரல் அறுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16 கஜா புயலில் உங்கள் ஊரும் எங்கள் ஊரும் பட்டது உனக்கே தெரியும். அந்த மாதிரிச் சமயங்களில் தென்னை மட்டை விழுந்து நியூட்ரல் கம்பி மட்டும் அறுந்தால், மூன்று ஃபேஸ் லைனில் ஒரு வீட்டுக்கு 230-க்குப் பதில் 400 வோல்ட் பக்கம் வரை போய்விடும். 240 வரை தாங்கும் என்று எழுதிய எஸ்.எம்.பி.எஸ். என்ன செய்யும்? புயல் எச்சரிக்கை வந்தால் பிளக்கைப் பிடுங்கி வைப்பதுதான் நிச்சயமான பாதுகாப்பு. சுவிட்சை அணைத்தால் போதாது. பல பழைய வீடுகளில் சுவிட்ச் நியூட்ரலில் இருக்கிறது.

14 ஜூன் 2025

வீட்டு இன்வெர்ட்டரிலேயே ஓட்டலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஓட்டலாம். இன்வெர்ட்டரின் முன்னாலோ பின்னாலோ ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், அதை யு.பி.எஸ். பக்கம் தள்ளி வைக்க வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். கரண்ட் போன பிறகு சுமார் 16 மில்லி செகண்ட் வரை தன்னிடம் சேர்த்துவைத்ததில் ஓட்டும். யு.பி.எஸ். நிலையில் இன்வெர்ட்டர் அதற்குள் கைமாற்றிவிடும். சாதாரண நிலையில் அதைவிட நேரம் எடுக்கும், ஃபேனுக்கு அது தெரியாது, சிஸ்டம் அணைந்து எழும். மட்டமான எஸ்.எம்.பி.எஸ். அந்த 16-ஐயும் தாங்காது, அதனால்தான் ஒரே இன்வெர்ட்டரில் ஒரு சிஸ்டம் அணைகிறது, பக்கத்தில் இன்னொன்று ஓடிக்கொண்டிருக்கிறது.

19 ஜூன் 2025

"80 பிளஸ் கோல்டு வாங்கிட்டா கவலையே இல்லை" என்று எழுதியவருக்கு: எஸ்.எம்.பி.எஸ்.ஸில் ஒட்டும் 80 பிளஸ் முத்திரை அளப்பது மின் சிக்கனத்தை. எடுக்கும் கரண்டில் எவ்வளவு வீணாகிறது என்பதை. எத்தனை வருஷம் உழைக்கும் என்பதை அந்த முத்திரை சொல்லவில்லை. சோதிப்பதும் 23 டிகிரி சூட்டில். மே மாதம் நம் கடை மேஜைக்கடியில் என்ன சூடு?

சூடுதான் கெப்பாசிட்டரைக் கொல்கிறது. 10 டிகிரி ஏறினால் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் எல்லோரும் வைத்துக் கணக்குப் போடும் விதி. அதனால் உள்ளே 85 டிகிரி கெப்பாசிட்டரா, 105 டிகிரியா என்று பார். வாரண்டி எத்தனை வருஷம் என்று பார். 5 வருஷத்துக்குக் குறைந்து கடைக்கு வாங்காதே. கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கழட்டி எடைக்குப் போடு. மனதார எழுதுகிறேன், அதை யாருக்கும் கொடுக்கக்கூட வேண்டாம்.

அசெம்பிள்டுக்குக் கெட்ட பெயர் வந்ததில் பெரும்பங்கு இந்த ஒரு பெட்டிக்குத்தான். வாங்குபவர் பிராசசரைக் கேட்கிறார், ரேமைக் கேட்கிறார், எஸ்.எஸ்.டி. எத்தனை ஜி.பி. என்று கேட்கிறார். எஸ்.எம்.பி.எஸ். என்ன என்று கேட்பதில்லை. கொட்டேஷனில் விலையைக் குறைக்க வேண்டுமென்றால் கடைக்காரர் கை வைக்கும் முதல் இடம் அது.

27 ஜூன் 2025

கம்பெனி சிஸ்டம் என்றால் கெப்பாசிட்டர் தப்பித்துவிடும் என்றும் இல்லை. 2000-களின் முதல் பாதியில் உலகம் முழுக்க போர்டுகளில் கெப்பாசிட்டர் உப்பி வெடித்தது. உள்ளே இருந்த திரவத்தின் கலவை சரியில்லாமல் வாயு உண்டாகி மூடி புடைத்தது. டெல் ஆப்டிபிளெக்ஸ் ஜி.எக்ஸ்.270 அதில் பேர் போனது. பெரிய பெரிய அலுவலகங்கள் வரிசையாக வாங்கிப் போட்டிருந்த சிஸ்டம். அவற்றைச் சரிசெய்ய 2005-ல் டெல் 30 கோடி டாலர் ஒதுக்கியது. ஆப்பிளின் ஐமேக் ஜி5-ம் தப்பவில்லை. சில்லறை மதர்போர்டு செய்த ஆபிட் கம்பெனியும் அதே சிக்கலில் மாட்டியது.

வித்தியாசம் அடுத்து நடந்ததில் இருந்தது. அலுவலகத்தில் வாங்கியவருக்குப் புது போர்டு வந்தது. அசெம்பிள்டு வைத்திருந்தவரில் பலர் கெப்பாசிட்டரைத் தனியாக வாங்கி சால்டரிங் அயர்னை எடுத்தார்கள். நானும் அதில் ஒருவன். சில ரூபாய்க்கு உயிர் வந்த போர்டுகள் அவை.

5 ஜூலை 2025

இத்தனை எழுதியதில் என் மனசில் ஓடுவது இதுதான்: சிஸ்டம் நிற்குமா என்று கேட்டுப் பயனில்லை, எல்லாம் ஒருநாள் நிற்கும். நின்றால் எத்தனை மணி நேரத்தில் திரும்ப எழும் என்று கேட்க வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள், கடை வாசலில் பிள்ளைகள் நிற்கிறார்கள். அன்றைக்கு உனக்கு உதவுவது வருஷத்துக்கு எத்தனை கோளாறு என்ற சராசரி இல்லை.

எங்கள் கடையில் ஒரு கம்பெனி டெஸ்க்டாப் இருந்தது. எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். பல வருஷம் வாயைத் திறக்காமல் உழைத்தது. வாரண்டி முடிந்து வெகுநாள் கழித்து எஸ்.எம்.பி.எஸ். போனது. கடைத்தெருவில் நல்ல எஸ்.எம்.பி.எஸ். நாலு கடையில் இருந்தது, ஒன்றும் பொருந்தவில்லை. போர்டில் கரண்ட் வயர் செருகும் வழக்கமான 24 பின் இணைப்பு இல்லை, கம்பெனிக்கென்று தனி அமைப்பு. பெட்டியின் அளவும் வேறு. சர்வீஸ் சென்டரில் அந்த மாடலுக்கு ஸ்டாக் நின்றுவிட்டது என்றார்கள். சென்னையில் பழைய சிஸ்டம் பிரித்து விற்பவரிடம் சொல்லிவைத்துப் பார்சலில் வரும்வரை அந்த மேஜை சும்மா கிடந்தது. அதே மழைக்காலத்தில் அசெம்பிள்டில் எஸ்.எம்.பி.எஸ். போனபோது, மதியம் போனது சாயங்காலம் ஓடியது.

இது ஒரு கம்பெனி மட்டும் செய்கிற வேலை இல்லை. டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020-ல் போர்டுக்குப் போவது 8 பின். லெனோவோ திங்க்சென்டர் எம்93-ல் 14 பின். 90-களின் இறுதியில் டெல் செய்தது இன்னும் மோசம்: பார்வைக்கு எல்லோரும் பயன்படுத்தும் அதே 20 பின் ஏ.டி.எக்ஸ். இணைப்பு, உள்ளே வயர் வரிசை வேறு. தெரியாமல் சாதாரண எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாட்டினால் போர்டு போய்விடும். இப்போது 24 பின்னை 8 ஆகவும் 14 ஆகவும் மாற்றித் தரும் வயர் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கிறது. கம்பெனி சிஸ்டம் வாங்குகிறவர் அதில் ஒன்றை அன்றைக்கே வாங்கி வைத்துக்கொள்வது புத்தி.

6 ஜூலை 2025

நேற்று எழுதியதற்கு ஒரு எல்லை போட வேண்டும். தனி பின், தனி அளவு என்பது ஒற்றை சிஸ்டம் வைத்திருப்பவருக்குத்தான் வில்லங்கம். ஒரே மாடலில் இரண்டோ மூன்றோ வைத்திருந்தால் அதுவே பலம். ஒன்றைக் கழட்டி மற்றதில் போடலாம்.

அதனால் கவுண்டருக்கு என் யோசனை: ஆபீஸ்களிலிருந்து மொத்தமாக வெளியே வரும் பிசினஸ் வரிசை டெஸ்க்டாப், ரீஃபர்பிஷ்டு (பழசைச் சரிபார்த்து விற்பது), ஒரே மாடலில் மூன்று. இரண்டு ஓடட்டும், ஒன்று பரணில் இருக்கட்டும். புதிதாக வாங்கும் ஒரு வீட்டு உபயோக மாடலின் விலையோடு ஒப்பிட்டுப் பார், அந்த மூன்றாவதை வைத்துக்கொள்ள மனசு வரும். ஒரே நிபந்தனை, இன்டெல் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே போகாதே. விண்டோஸ் 11 அதற்குக் கீழே முறைப்படி ஏறாது, விண்டோஸ் 10-க்கு அக்டோபர் 14-உடன் ஆதரவு முடிகிறது. 6, 7-ஆம் தலைமுறை சிஸ்டங்கள் இப்போது சல்லிசாக வந்து குவிவது அதனால்தான். விலையைப் பார்த்து மயங்காதே.

டி.டி.பி. சிஸ்டத்தை நீயே கோர். அதில் நாளைக்கு கிராஃபிக்ஸ் கார்டு சேர்ப்பாய், ரேம் ஏற்றுவாய், இன்னொரு டிஸ்க் மாட்டுவாய். கம்பெனி பெட்டிக்குள் இதற்கெல்லாம் இடமும் இருக்காது, எஸ்.எம்.பி.எஸ்.ஸில் வாட்டும் இருக்காது.

9 ஜூலை 2025

"ஒரிஜினல்னா கம்பெனிதான்" என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். பி.சி. பிறந்த கதையைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. 1981 ஆகஸ்ட் 12-ல் ஐ.பி.எம். வெளியிட்ட முதல் பி.சி.யே சந்தையில் கிடைத்த பாகங்களை வைத்துக் கோர்த்ததுதான். ஃப்ளோரிடா போகா ரேட்டனில் டான் எஸ்ட்ரிட்ஜ் தலைமையில் ஒரு சின்னக் குழு, சுமார் ஒரு வருஷத்தில் முடிக்க வேண்டும் என்பதால் இன்டெல் பிராசசர், மைக்ரோசாஃப்டின் டாஸ் இயங்குதளம் என்று வெளியில் வாங்கியது. ஐ.பி.எம். தன்னுடையது என்று பிடித்துவைத்தது பயாஸை. அதையும் காம்பேக் போன்ற போட்டிக் கம்பெனிகள் மூலத்தைத் தொடாமல் புதிதாக எழுதிவிட்டன. 1995-ல் இன்டெல் ஏ.டி.எக்ஸ். அளவுகளை வகுத்த பிறகு போர்டு, பெட்டி, எஸ்.எம்.பி.எஸ். மூன்றையும் மூன்று கடையில் வாங்கினாலும் திருகு ஓட்டை பொருந்தும் என்றாயிற்று. ரிச்சி ஸ்ட்ரீட்டும் நரசிங்கபுரம் தெருவும் நமக்குப் பயன்படுவது இந்தப் பொது அளவால்தான்.

20 ஜூலை 2025

ஹேக்கின்டாஷ் பற்றி ஒரு கேள்வி. சாதாரண பாகங்களில் ஆப்பிளின் மேக் ஓ.எஸ். ஏற்றி ஓட்டுவது. ஃப்ளெக்ஸ் டிசைன் செய்பவர்களுக்கு அந்த ஆசை வரும், எனக்கும் இருந்தது, செய்தும் பார்த்தேன். சிஸ்டத்தை எழுப்ப ஓப்பன்கோர் என்ற பூட்லோடர், மேலே லைலூ, வாட்எவர்கிரீன், வர்ச்சுவல் எஸ்.எம்.சி. என்று சில துணைத் துண்டுகள். சரியான பாகங்கள் அமைந்துவிட்டால் நாளெல்லாம் ஓடும், வேகமாகவும் ஓடும்.

ஆனால் தினசரிக்கு நம்ப முடியாது. தூங்கவைத்தால் எழாது, எழுந்தால் ஆடியோ இருக்காது. யு.எஸ்.பி. போர்ட் 15-க்கு மேல் ஏற்காது, எது வேண்டும் எது வேண்டாம் என்று நாமே பட்டியல் போட வேண்டும். ஒவ்வொரு புதுப் பதிப்பிலும் ஆப்பிள் எதையாவது எடுத்துவிடும். மொஹாவே பதிப்போடு என்விடியாவின் புது கிராஃபிக்ஸ் கார்டுகளுக்கு வழி அடைபட்டது. சொனோமா பதிப்பில் பழைய பிராட்காம் வைஃபை கார்டுகள் போயின. ஆப்பிளுக்கு ஹேக்கின்டாஷ்காரர்களைக் காப்பாற்ற வேண்டிய கடமையும் இல்லை, அதன் உரிமம் ஆப்பிள் கருவிக்கு வெளியே ஓட்ட அனுமதிப்பதே இல்லை. 2020-ல் சொந்த சிப்புக்குப் போனார்கள், போன மாதம் டஹோ என்பதுதான் இன்டெல் மேக்குக்குக் கடைசிப் பதிப்பு என்று அறிவித்தும் விட்டார்கள். அந்தக் கதவு மூடுகிறது.

கோர்த்த விண்டோஸ் சிஸ்டத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனி. பாகங்கள் இரண்டிலும் ஒன்றுதான். விண்டோஸும் லினக்ஸும் யார் கோர்த்த பெட்டியிலும் ஓடுவதற்காக எழுதப்பட்டவை. மேக் ஓ.எஸ். அப்படி எழுதப்படவில்லை. மேக்தான் வேண்டுமென்றால் ஒரு மேக் மினி வாங்கு.

2 ஆகஸ்ட் 2025

நேற்று பழைய எச்.சி.எல். டெஸ்க்டாப் ஒன்று கடைக்கு வந்தது. ஒரு காலத்தில் வங்கி, பள்ளி, தாலுகா ஆபீஸ் எங்கும் எச்.சி.எல்.லும் விப்ரோவும்தான். 1976-ல் தொடங்கிய எச்.சி.எல்.லின் சிவ நாடார் திருச்செந்தூர் பக்கத்து மூலைப்பொழிக்காரர், தயாரிப்பு புதுச்சேரியில் நடந்தது. 2013 வாக்கில் இரண்டு கம்பெனியும் கம்ப்யூட்டர் செய்வதையே விட்டுவிட்டன. வாரண்டிச் சீட்டு ஒரு கம்பெனி அந்தத் தொழிலில் இருக்கும்வரைதான் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம். வந்த சிஸ்டத்தைத் திறந்தேன். உள்ளே சாதாரண மைக்ரோ ஏ.டி.எக்ஸ். போர்டு, சாதாரண எஸ்.எம்.பி.எஸ். அதனால் பிழைத்தது. பேட்டரி மட்டும் மாற்றிக் கொடுத்தேன், 2032 நாணய பேட்டரி.

அரசு கொடுத்த லேப்டாப்களும் அப்படித்தான் பிழைத்துக் கிடக்கின்றன. 2011 செப்டம்பர் 15-ல் ஆரம்பித்த திட்டம், தமிழக அரசின் எல்காட் நிறுவனம் கொள்முதல். எக்கச்சக்கமாக ஒரே மாதிரி இருந்ததால் ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் அதைப் பிரித்துச் சேர்க்கக் கற்றுக்கொண்டார், கீபோர்டும் ஹின்ஜும் பழசிலிருந்து எடுத்துப் போட ஆள் இருந்தது. ஜூலை 6-ல் நான் "ஒரே மாடலில் மூன்று" என்று சொன்னதன் பெரிய வடிவம் இது.

18 ஆகஸ்ட் 2025

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு மட்டும். "டிஸ்பிளே வரல" என்று வரும் சிஸ்டங்களில் பெரும்பாலானவற்றுக்கு ரேமைக் கழட்டி, தங்க நிறப் பல்லை வெள்ளை ரப்பரால் தேய்த்து, துணியால் துடைத்துப் போட்டால் போதும். உப்புக் காற்றில் படியும் படலம். யாரும் இதற்காக போர்டு மாற்றச் சொன்னால் எழுந்து வந்துவிடு. தேய்க்கும் முன் பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி, மிச்சக் கரண்டை வடித்துவிடு. எலி நுழையாமல் கேபினெட் பின்னால் காலி ஸ்லாட்டுகளுக்குத் தகடு போடு. பல்லி எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் போய்க் கருகியதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

13 செப்டம்பர் 2025

தம்பி எழுதியிருக்கிறான். கவுண்டருக்கு ஒரே மாடலில் மூன்று ரீஃபர்பிஷ்டு, 8-ஆம் தலைமுறை ஐ5, எடுத்துவிட்டான். டி.டி.பி. சிஸ்டத்தை அவனே கோர்த்து, அப்பாவை உட்காரவைத்து பட்டனை அழுத்தச் சொன்னானாம். ரொம்ப சந்தோஷம்.

எர்த் புதிதாக அடித்தானா என்று எழுதவில்லை. அதைத்தான் முதலில் கேட்கிறேன். புதுக் கடைக்குக் கண்ணாடிக் கதவு, போர்டு லைட் எல்லாம் போட்டபின் எர்த்துக்குக் காசு இல்லை என்று சொல்லும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். கண்ணாடிக் கதவு அடுத்த வருஷம் போடலாம். இன்னொன்று: மூன்றாவது சிஸ்டத்தைப் பரணில் மூடிவைத்து மறந்துவிடாதே. மாதம் ஒருமுறை இறக்கி ஓட்டி, அப்டேட் போட்டு வை. தேவைப்படும் நாளில் அது மணிக்கணக்கில் அப்டேட் ஓட்டிக்கொண்டிருந்தால் வைத்திருந்தும் பயனில்லை.

15 அக்டோபர் 2025

விண்டோஸ் 10 நேற்றோடு முடிந்தது. காலையிலிருந்து போன். தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் வரை கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டம் இருக்கிறது, பதிவு செய்துகொள்ளுங்கள். பழைய சிஸ்டத்தில் குறுக்கு வழியில் 11 ஏற்றித் தருகிறோம் என்று சொல்பவர்களிடம் வங்கி வேலை, ஆதார் வேலை நடக்கும் சிஸ்டத்தைக் கொடுக்காதீர்கள். வாடிக்கையாளர் விவரம் போகும் கருவி அது. வேறு வழியே இல்லையென்றால் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு, பிரவுசர் வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். பிரின்டரும் கைரேகைக் கருவியும் அதில் ஓடுமா என்று முதலில் பார்த்துவிட்டு மாறுங்கள்.

7 டிசம்பர் 2025

ரேம் விலை ஏறிக்கொண்டே போகிறது. ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மெமரியை மொத்தமாக இழுத்துக்கொள்கின்றன. நம்மைப் போன்றவர்கள் நம்பி வாங்கிய குரூஷியல் பெயரில் சில்லறை விற்பனையை நிறுத்தப் போவதாக மைக்ரான் 3-ஆம் தேதி அறிவித்துவிட்டது. கோர்க்கிறவனுக்கு இது நேரடி அடி. அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம் என்று 8 ஜி.பி.யில் ஆரம்பிப்பதுதான் இத்தனை காலம் நம் வழக்கம், அந்தக் கணக்கு இப்போது எடுபடாது.

பட்டுக்கோட்டைத் தம்பிக்கு: கவுண்டர் சிஸ்டங்களில் இருப்பது டி.டி.ஆர்.4 வகை ரேம். நல்ல நிலையில் பழைய 8 ஜி.பி. ரேம் ஒன்று கிடைத்தால் வாங்கி, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை ஒரு இரவு முழுக்க ஓட்டிப் பார்த்து, தப்பு ஒன்றும் வராவிட்டால் டிராயரில் போட்டு வை. டி.டி.பி. சிஸ்டத்தில் இப்போது இருக்கும் ரேமோடு வேறு கம்பெனி ரேமைக் கலந்து போட வேண்டிவந்தால் இரண்டில் குறைந்த வேகம் எதுவோ அதிலேயே ஓடவிடு.